டெல்ஃபியின் பலகோணச் சுவர்: கடவுளுக்கு விற்கப்பட்டவர்கள்

டெல்ஃபி என்றதும் நம்மில் பலருக்கும் நினைவு வருவது பித்தியாதான். முக்காலியில் உட்கார்ந்து அப்பல்லோவின் வாக்கைச் சொன்ன பெண். லிடியாவின் அரசன் குரோசஸ் அவளிடம் ஆள் அனுப்பிக் குறி கேட்டதும், போருக்குப் போனால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று பதில் வந்ததும், கடைசியில் அழிந்தது அவனுடைய பேரரசாகவே இருந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. பூமிக்கடியிலிருந்து ஏதாவது வாயு வந்து அவளை மயக்கியதா என்ற விவாதமும் இன்னும் ஓயவில்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. அதே கோயில் வளாகத்தில், பார்வையாளர்கள் அரை நிமிடம் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடும் ஒரு சுவரைப் பற்றி. என் கணக்கில் டெல்ஃபியில் படிக்க வேண்டிய முதல் விஷயம் இந்தச் சுவர்தான். ‘பார்க்க’ என்று சொல்லவில்லை, ‘படிக்க’ என்றுதான் சொல்கிறேன். ஏன்னா அது முழுக்க எழுத்து.

எங்கே இருக்கிறது?

டெல்ஃபி ஏதென்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 180 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பர்னாசஸ் மலையின் தெற்குச் சரிவில், செங்குத்தான இரண்டு பாறைகளுக்குக் கீழே, படிப்படியாக ஏறும் ஒரு வளாகம். கீழ் வாசலில் நுழைந்தால் ‘புனித வழி’ எனப்படும் கல் பாவிய பாதை வளைந்து வளைந்து மேலே ஏறும். இருபுறமும் கிரேக்க நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு வைத்த காணிக்கைகளின் பீடங்கள், கருவூலக் கட்டடங்களின் அடித்தளங்கள். சிலைகள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. பாதை ஒரு திருப்பம் திரும்பியதும் ஏதென்ஸ்காரர்களின் கருவூலம் வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கற்களைச் சேர்த்துத் திரும்பக் கட்டியது அது. அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் இடது கைப் பக்கம் நம் சுவர்.

சுவருக்கு முன்னால் ஒரு திறந்த வெளி. அதற்கு ‘ஹலோஸ்’ என்று பெயர். நெல்லோ கோதுமையோ போரடிக்கும் களம் என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். திருவிழாச் சடங்குகள் நடந்த இடம்.

கி.மு. 548 வாக்கில் அப்பல்லோவின் பழைய கோயில் தீயில் எரிந்துபோனது. புதுக் கோயிலைப் பெரிதாகக் கட்டச் சரிவில் சமதளம் வேண்டும். அந்த மண்ணைத் தாங்கிப்பிடிக்க எழுப்பியதுதான் இந்தத் தடுப்புச் சுவர். நீளம் 80 மீட்டருக்கு மேல். செங்கல் மாதிரி சதுரமாக வெட்டிய கற்கள் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு வடிவம். விளிம்புகள் வளைந்து வளைந்து ஓடும். ஒரு கல்லின் வளைவுக்குள் அடுத்த கல் அச்சாகப் பொருந்தும்படி செதுக்கியிருக்கிறார்கள், நடுவில் சாந்து கிடையாது. இதற்கு மேலே நின்ற கோயில் கி.மு. 373இல் இடிந்து, மறுபடி கட்டப்பட்டு, அதுவும் பாழாகிவிட்டது. சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

வழிகாட்டிகள் இங்கே சொல்வது பெரும்பாலும் இந்தக் கல் வேலையைப் பற்றித்தான். சொல்லட்டும், அதற்குத் தகுதியான வேலைதான். ஆனால் பக்கத்தில் போய், வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். கல்லின் மேல் ஏதோ பூச்சி அரித்த மாதிரி தெரியும். எல்லாம் எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். வரிக்கு வரி நெருக்கி, கல்லுக்குக் கல் தாண்டி, சுவர் முழுக்க. சுமார் 800 சாசனங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள்.

ஒரு பத்திரத்தைப் படிப்போம்

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் சாரம் இது.

முதலில் தேதி: அந்த ஆண்டு டெல்ஃபியின் தலைமை அதிகாரி யார், எந்த மாதம் என்ற விவரம். பிறகு விஷயம். ஆர்த்தையோஸின் மகன் அதிசிதாஸ் என்பவர் மூன்று ‘பெண் உடல்களை’ அப்பல்லோவுக்கு விற்றிருக்கிறார். பெயர்கள் அந்திகோனா, அவளுடைய மகள்கள் தியோதோரா, தொரோத்தேயா. அந்திகோனா யூத இனத்தவள். விலை ஏழு மினா வெள்ளி. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டாகிவிட்டது. நகரச் சட்டப்படி பிணை நிற்பவர் இன்னார். இந்த விற்பனையை அந்த மூன்று பெண்களும் கடவுளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நிபந்தனை: அவர்கள் சுதந்திரமானவர்கள், வாழ்நாள் முழுக்க யாரும் அவர்கள் மேல் உரிமை கோரக் கூடாது. கடைசியில் சாட்சிகள்: அப்பல்லோவின் பூசாரிகள், நகர அதிகாரிகள், சில தனிமனிதர்கள்.

அவ்வளவுதான். நம் ஊர் கிரயப் பத்திரம் எழுதுகிற எவரும் இதன் அமைப்பை உடனே அடையாளம் கண்டுகொள்வார். தேதி, விற்பவர், பொருள், விலை, தொகை பெற்றதற்கு ஒப்புதல், பிணை, சாட்சி. எதுவும் மாறவில்லை. விற்கப்படும் பொருள் மட்டும் மனிதர்கள். அந்த ‘உடல்’ என்ற சொல் நானாகப் போட்டதில்லை. ‘சோமா’, அதாவது உடல், என்றுதான் கல்லில் இருக்கிறது. ஆண் அடிமை என்றால் ஆண் உடல், பெண் அடிமை என்றால் பெண் உடல்.

இந்த மூன்று பேரைப் பற்றி நமக்கு வேறு எதுவுமே தெரியாது. ஆனால் இந்தச் சில வரிகளுக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஒரு யூதப் பெண், கிரேக்கப் பெயரோடு மலைநாட்டில் அடிமையாக இருக்கிறாள். இரண்டு மகள்கள். தியோதோரா, தொரோத்தேயா என்ற இரண்டு பெயருக்கும் ஒரே அர்த்தம்தான், கடவுளின் கொடை. ஒரே சொல்லின் இரு பாதிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பெயர் வைத்தது தாயா எஜமானரா என்று கல் சொல்லவில்லை. தகப்பன் பெயர் எங்கேயும் இல்லை. அடிமைக்குச் சட்டப்படி தகப்பன் கிடையாது.

கடவுள் எதற்கு வாங்க வேண்டும்?

முதலில் படிக்கும்போது இது குழப்பும். விடுதலை செய்கிறார்கள் என்றால் ‘விட்டுவிட்டேன்’ என்று எழுதினால் போதாதா? எதற்குக் கடவுளுக்கு விற்க வேண்டும்? விற்றால் அவள் கோயில் அடிமை ஆகிவிட மாட்டாளா?

ஆக மாட்டாள். இது ஒரு சட்ட ஏற்பாடு.

அடிமைக்குச் சட்டத்தின் முன் ஆள் என்ற தகுதியே கிடையாது. அவள் யாரோடும் ஒப்பந்தம் போட முடியாது. கையில் காசு சேர்த்து வைத்திருந்தாலும் அது சட்டப்படி எஜமானருடைய சொத்து. அப்படியிருக்க, தன்னையே தான் எப்படி விலைக்கு வாங்குவாள்? வாங்குபவர் என்ற இடத்தில் சட்டம் ஏற்கும் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் அப்பல்லோவை உட்கார வைத்தார்கள். பணம் அடிமையுடையது, கடவுள் பெயரளவுக்கு வாங்குபவர். வாங்கிய கடவுள் அவளை வைத்துக்கொள்வதில்லை. சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதுதானே விற்பனையின் நிபந்தனை!

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாளைக்கு எஜமானரின் மகனோ கடன்காரனோ வந்து, இவள் எங்கள் வீட்டு அடிமை என்று கையைப் பிடித்து இழுத்தால், அவன் கை வைப்பது அப்பல்லோ விலை கொடுத்து வாங்கியதன் மேல். பிணையாளி வந்து தடுத்தே ஆக வேண்டும். பல பத்திரங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், வழியில் போகிற யார் வேண்டுமானாலும் குறுக்கே புகுந்து மீட்கலாம், அவர்கள் மேல் வழக்கோ அபராதமோ கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள்.

சுவரில் ஏன் செதுக்கினார்கள் என்பதும் இங்கே விளங்கும். ஓலையோ தோலோ தொலைந்துபோகும். யாராவது திருடலாம், எரிக்கலாம். கிரேக்க உலகமே வந்துபோகும் பாதையின் ஓரத்தில் கல்லில் வெட்டிய பத்திரத்தை யாரும் ஒளிக்க முடியாது. பிற்காலப் பத்திரங்கள் சில, ஒரு பிரதி கோயிலில் செதுக்கப்பட்டது, இன்னொன்று நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்றே சொல்கின்றன. சார்பதிவாளர் அலுவலகம் மாதிரிதான் இந்தச் சுவர் இருந்திருக்கிறது.

நான்கு சுதந்திரங்கள்

நல்ல பத்திரம் ஒன்றில் விடுதலை என்றால் என்ன என்று பிரித்துச் சொல்லியிருக்கும். ஒன்று, இவள் சுதந்திரமான ஆள். இரண்டு, யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. மூன்று, விரும்பியதைச் செய்யலாம். நான்கு, விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

இதையெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே யோசிக்க வைக்கிறது. நமக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே சொல். அவர்களுக்கு ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. தனித்தனியாகக் கொடுக்க முடியும் என்றால், தனித்தனியாகக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் முடியும்தானே? அதுதான் நடந்தது.

பத்திரத்தில் ஒரு வில்லங்கம்

சுவரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘பரமோனே’. கூடவே தங்கியிருத்தல் என்று பொருள். அந்தப் பிரிவு வரும் பத்திரங்களில் நிலைமை வேறு.

இவள் இன்று முதல் சுதந்திரமானவள், விலையும் வாங்கியாகிவிட்டது. ஆனால் எஜமானரோ எஜமானியோ உயிரோடு இருக்கும்வரை அவர்கள் கூடவே தங்கி, சொன்ன வேலையை எல்லாம் குறை வைக்காமல் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அவர்கள் விரும்பியபடி தண்டிக்கலாம். சில பத்திரங்களில் இத்தனை ஆண்டு என்று கெடு இருக்கும். பலவற்றில் எஜமானரின் சாவுதான் கெடு. அதோடு விடாமல், செத்தபின் இறுதிச் சடங்கை முறையாகச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்திருப்பார்கள். அதாவது காசும் வாங்கிக்கொண்டாயிற்று, வேலைக்காரியும் வீட்டிலேயே இருக்கிறாள்.

இதைவிடக் கடுமையான நிபந்தனைகளும் உண்டு. தனக்குப் பதிலாக ஒரு குழந்தையை எஜமானர் குடும்பத்துக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்று சில. தியோக்லேயா என்ற பெண்ணின் பத்திரத்தில், பரமோனே காலத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்தால் அதை மூச்சடக்கிக் கொன்றுவிட அவளுக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எவ்வளவு நிதானமான சட்ட மொழி! அதைப் படித்தபிறகு சுவரின் கல் வேலையைப் பாராட்டக் கொஞ்ச நேரம் ஆகும்.

பரமோனேயில் இருப்பவள் அடிமையா, சுதந்திரமானவளா? ஆய்வாளர்கள் நூறு வருடத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். இந்தத் தங்கல் கடமையிலிருந்தும் விடுவிக்கும் தனிப் பத்திரங்கள் அதே சுவரில் உண்டு. சிலர் இரண்டாம் தடவையும் காசு கொடுத்து வெளியே வந்திருக்கிறார்கள்.

விலை என்ன?

கீத் ஹாப்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1978இல் வெளிவந்த தன் புத்தகத்தில் டெல்ஃபியின் விடுதலைச் சாசனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். சுவரில் உள்ளவை, வளாகத்தின் மற்ற இடங்களில் உள்ளவை என மொத்தம் ஆயிரம் வாக்கில். கி.மு. 200 தொடங்கிச் சுமார் 300 ஆண்டுகள். விடுதலை பெற்றவர்கள் 1200 பேருக்கு மேல். அவர்களில் பெண்கள்தான் அதிகம்.

முழு விடுதலைக்குத் தொடக்க காலத்தில் ஒரு பெரிய ஆளுக்குச் சராசரி விலை 400 திராக்மா வாக்கில், அதாவது நான்கு மினா. ஒரு ஏழைக் குடும்பம் மூன்று வருடத்துக்கு மேல் சாப்பிடும் கோதுமையை அந்தப் பணத்தில் வாங்கலாம் என்பது அவர் கணிப்பு. இதை ஒரு அடிமை எப்படிச் சேர்த்தார்? கைத்தொழில் தெரிந்தவர்கள் உண்டு. பத்திரங்களில் அபூர்வமாகத் தொழிலும் வரும்: குழல் ஊதும் பெண், கைவினைக்காரி, உலோக வேலை செய்பவன். பலபேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கும் ‘எரனோஸ்’ என்ற கடனும் உண்டு. விடுதலை ஆனபிறகு அந்தக் கடனைத் தவணையாக அடைக்க வேண்டும் என்ற பிரிவும் சில பத்திரங்களில் இருக்கிறது.

ஹாப்கின்ஸ் கவனித்த முக்கியமான விஷயம் இது. காலம் போகப் போக முழு விடுதலையின் விலை ஏறிக்கொண்டே போனது. அதே நேரத்தில் பரமோனே போட்ட பத்திரங்களின் பங்கும் கூடிக்கொண்டே போனது. பரமோனே விடுதலையின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. முழு விடுதலைக்குக் காசு போதாதவர்கள், கையில் இருந்த காசுக்கு அரை விடுதலையை வாங்கினார்கள் என்று தோன்றுகிறது. எஜமானர்களோ வந்த பணத்தில் வயதான அடிமைக்குப் பதிலாக இளம் அடிமையை வாங்கியிருக்கலாம். அப்படிப் பார்த்தால், இந்தச் சுவர் அடிமை முறையை ஒழிக்கவில்லை. அது தொடர்ந்து ஓடுவதற்கு எண்ணெய் போட்டது என்றும் சொல்லலாம்.

எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்த முடியவில்லை. அமைப்பாகப் பார்த்தால் எண்ணெய். அந்திகோனாவின் பக்கம் நின்று பார்த்தால்? அவள் பத்திரத்தில் பரமோனே இல்லை. ஏழு மினா எண்ணி வைத்துவிட்டு, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே எந்தத் திசையிலும் நடந்திருக்கலாம். ஹாப்கின்ஸின் அட்டவணையில் அது ஓர் எண். அவளுக்கு அது மிச்ச வாழ்க்கை முழுவதும். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சுவரைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படித்தவர்கள்

டெல்ஃபியின் மேல் பல நூற்றாண்டுகளாக கஸ்த்ரி என்ற கிராமம் இருந்தது. வீடுகளுக்கு நடுவே சுவரின் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது. 1840இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஒட்ஃபிரீட் முல்லர் அங்கே தோண்டி, கோடை வெயிலில் நாள் கணக்காக நின்று இந்த எழுத்துகளைப் பிரதி எடுத்தார். அங்கேயே காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று இறந்துபோனார். வயது 42. கூட இருந்த மாணவர் எர்ன்ஸ்ட் குர்ட்டியஸ்தான் பிறகு சாசனங்களை வெளியிட்டார். இந்தக் குர்ட்டியஸ்தான் பின்னாளில் ஒலிம்பியா அகழாய்வுக்கு வழி திறந்தவர். 1860களில் வெஷர், ஃபூக்கார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் படித்தார்கள். 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய அகழாய்வைத் தொடங்கினார்கள். கிராமத்தையே விலைக்கு வாங்கித் தள்ளிக் குடியமர்த்திய பிறகுதான் சுவர் முழுதாக வெளியே வந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

காலையில் திறந்தவுடன் போங்கள், இல்லாவிட்டால் மாலையில். உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. சாய்ந்த வெளிச்சம்தான் எழுத்துக்கு நிழல் கொடுக்கும். சுவரைத் தொடாதீர்கள். தூரத்திலிருந்தே பார்க்கச் சின்னத் தொலைநோக்கியோ நல்ல ஜூம் உள்ள கேமராவோ இருந்தால் போதும்.

கிரேக்க எழுத்து மட்டும் ஒரு வாரம் பழகிக்கொண்டு போனீர்கள் என்றால் மூன்று சொற்களைத் தேடலாம். ‘அபெதொதோ’ என்றால் விற்றார். ‘சோமா’ என்றால் உடல். ‘எலெஃப்தெரோஸ்’ அல்லது பெண்பாலில் ‘எலெஃப்தெரா’ என்றால் சுதந்திரமானவர். இந்த வாய்பாடு எல்லாப் பத்திரத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் ஒன்று கிடைத்தால் மற்றது பக்கத்திலேயே இருக்கும்.

சுவரை ஒட்டி ஏதென்ஸ்காரர்கள் கட்டிய மண்டபத்தின் படிகளும் சில தூண்களும் நிற்கின்றன. எதிரிகளிடம் கைப்பற்றிய பொருள்களைக் காணிக்கை வைத்தோம் என்று படியில் பெரிய பெரிய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை நின்ற இடத்திலிருந்தே படிக்கலாம். அதற்குப் பின்னால் உள்ள கல்லில்தான் சின்ன எழுத்துகள். அவற்றைப் படிக்கக் கொஞ்சம் குனிய வேண்டும், கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். சிரியாக்காரி, திரேசியன், வீட்டிலேயே பிறந்த அடிமை என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அந்தச் சுவரில் இருப்பதுதான்.